ஏசி இல்லாத கல்யாணக் கார்

"நாளைக்கு ஏசி இல்லாட்டி எங்கட பிள்ளை கரைஞ்சு போவாளோ?"

மன்னார் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மா கணவரிடம் கேட்டார். கணவரின் மடியில் கார் எஞ்சினுக்குப் போடும் புதுப் பெல்ட் ஒன்று கிடந்தது.

"ஏசிக் கொம்பிரசர் சுத்தாமல் இறுகிப்போச்சு. புதுசு போட வசதியில்லை. அதை விட்டுட்டு ஓடத்தான் இந்த நீளம் குறைஞ்ச கட்டைப் பெல்ட். கார் ஓடும், குளிராது. கலியாணப் பொம்பிளையை வேர்க்க வேர்க்க மாதா கோயிலுக்குக் கொண்டுபோறதோ?"

"எங்கட கலியாணத்தண்டைக்கு என்னை எதிலை கூட்டி வந்தனீங்கள்?"

"உழவு மெசினுக்குப் பின்னாலை கொழுவின பெட்டியிலை."

"பாலத்திலை என்ரை முக்காட்டைக் காத்துக் கடலுக்கை கொண்டுபோட்டுது."

"நீ விழுந்து விழுந்து சிரிச்சனி."

"அண்டைக்குச் சிரிச்சதுதான் இண்டைக்கும் ஞாபகம். கண்ணாடியளை இறக்கிவிட்டு ஓடுங்கோ. அவளுக்கும் அந்தக் காத்துப் படட்டும்."

அவர் பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"அப்ப அவளின்ரை முக்காட்டுக்கு இன்னும் ரெண்டு ஊசி குத்திவிடு."