ஒட்டாத விளிம்பு

எங்கள் வீட்டில் கதவுக் கைப்பிடியை என்னைத் தவிர யாரும் துடைப்பதில்லை சார். தங்கை புருஷன் எங்களோடு தங்க வந்த பிறகு அது முழுநேர வேலையாகிவிட்டது.

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டிகளில் முங்கி விரிசல் அடைப்பவர். தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பிளாஸ்டிக் பசை. அவர் நகக்கண்ணில், புருவத்தில், என் டம்ளரில், டிவி ரிமோட்டில், எங்கும் அதுதான். அந்தக் கையோடு சாப்பிட்டு, விரலை ஒவ்வொன்றாகச் சப்புவார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன்.

"உழைக்கிற கைன்னா அப்படித்தான் இருக்கும்ணா" என்று தங்கை சிரிப்பாள். ஒருநாள் அவள் கன்னத்திலும் அந்தப் பசை காய்ந்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீருக்குள் பசை ஒட்டாத பரப்பு செய்வதுதான் பரிசோதனைக்கூடத்தில் என் வேலை. பெரிய வித்தை இல்லை. உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கினால் குழிகளில் தண்ணீர் தங்கிக்கொள்ளும். பசை அந்தத் தண்ணீர்மேல்தான் உட்கார வேண்டும். முடியாமல் உருண்டு ஓடிவிடும். அவ்வளவு சுத்தமான காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பரிசோதனைக்கூடத்துப் பெரிய தொட்டியைக் கழுவியபோது, உறிஞ்சுகுழாயின் வாய்க்குள் விரிசல் கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லாமல் அந்த விளிம்பை அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கினேன். தண்ணீர் நிரம்பிய பிறகுதான் விரிசலைப் பற்றி ஆபீசில் சொன்னேன். மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுக்கும் பம்ப் பத்து மணிக்குத் தானாக ஓடும். மெயின் சுவிட்சை அணைத்து வைப்பது என் பொறுப்பு. ஒன்பதரைக்கு இறங்கினார். பசை ஒட்டியிருந்தால் கால் மணி நேர வேலை.

முங்கும்போது போடும் முகமூடிக்குள் இருந்த போனில் கூப்பிட்டார். "மச்சான், என்னமோ உருண்டு உருண்டு ஓடுது. ஒட்டவே மாட்டேங்குது."

"கையை நல்லா உள்ள விட்டு அழுத்திப் பிடிங்க மாப்பிள்ளை. இறுகிடும்."

"பம்ப அணைச்சாச்சுல்ல?"

"அதெல்லாம் ஆச்சு."

பத்துக்குப் பம்ப் ஓடியது. குழாய் அவர் கையைத் தோள்வரை இழுத்துக்கொண்டது. முதுகு சிலிண்டரில் இருபது நிமிடக் காற்று மிச்சம் இருந்தது. அதுவரை மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒட்டிக்கொள்கிற குரல் அது.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான். அணைத்திருப்பேன் சார், நான் ஒன்றும் கொலைகாரன் இல்லை. அன்று காலையில் லைட் போடுகிறேன் என்று மாப்பிள்ளை அந்தச் சுவிட்சையும் தடவி வைத்திருந்தார். கட்டைவிரல் பசை அப்படியே இருந்தது. அதை எப்படித் தொடுவது?

என் பையில் கையுறை இருந்தது. புதுசு.