பச்சைப்பயறு அளவு

ஹலோ… யாரு, ஷுய்மூவா? வான்ஃபாதான் பேசுறேன். வாடா பெரிய மனுசா! ஆபரேஷன் முடிஞ்சு நாலே நாள்ல போன் பண்றியா? பிங்துங் ஊரு முழுக்க உன் பேச்சுதான்…

என்னது? எடுத்த கட்டி பச்சைப்பயறு அளவா! அதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் கொய்யாப்பழம் அளவுன்னுல்ல நெனச்சேன்!

ம்… வாயிலேருந்து பரவினது இல்லையா? நுரையீரல்ல தனியா, புதுசா மொளைச்சதா… சரி, சரி… வாய்ல புத்துநோய் வந்தவனுக்கு, அதுவும் நம்மள மாதிரி ஊதினவனுக்கு, அங்கயும் வரலாமாமா? எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலியே… சொன்னாரா? எப்போ?… அட, அன்னிக்கு நான் விருந்துக்குச் சமையல்காரனைப் புடிக்கிற அவசரத்துல இருந்தேன்டா.

இரு, இரு. இது என்னடா நியாயம்? ஒரே லாரி ஷெட்டு, ஒரே கடையில வெத்தலைப்பாக்கு. நீ ஒரு சிகரெட்டு பத்த வச்சா நான் நாலு. கன்னத்தை வெட்டி, தொடைச் சதையை ஒட்டினதுல நான் உனக்கு மூணு வருஷம் மூத்தவன்! நோய் திரும்பாம அஞ்சு வருஷம் தாண்டி ‘பட்டம்’ வாங்கிட்டேன்னு ரோட்டை மறிச்சுப் பந்தல் போட்டு, நாப்பது மேசை விருந்து வச்சவன்… பன்னெண்டா? நீ எண்ணுனியா? நாப்பதுதான்!

அப்பேர்ப்பட்டவனை விட்டுட்டு, கஞ்சிக்கடை ஷியூயின் உனக்குக் கொடுவா மீன் சூப்பு கொண்டாராளாமே… எல்லாம் தெரியும்டா. இஞ்சி நறுக்கிப் போட்டு… ரெண்டு வேளையா! என்னை வெட்டினப்போ ஒரு டம்ளர் சோயாப் பால் குடுத்தா. அதுவும் ஆறிப்போனது!

யாரு இருமினா?… தூசிடா… மூணு மாசமெல்லாம் இல்லை. ரெண்டு… சரி, ரெண்டரை.

ஸ்கேனா? பட்டம் வாங்கினவன் திரும்பப் பள்ளிக்கூடம் போவானா?… ம்… நீ இன்னும் வாங்காததால வருஷா வருஷம் படம் எடுத்தாங்க, அதுலதான் சின்னதுலயே மாட்டிச்சா… ம்… ம்…

ஆமா. ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே போகலை.

… கபத்துல கொஞ்சம் செவப்பு. ஒரே தடவைதான்… ஆமா, ஆமா, நாலஞ்சு தடவை. பயமா இருக்குடா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யாருக்கும்…

என்ன சத்தம் அங்க? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே, படுபாவி!

… வணக்கம் ஷியூயின். சாப்பிட்டாச்சுங்க… இல்லை, பொய் சொல்லலை… நாளைக்கா? ஆஸ்பத்திரில என் பேர் பதிஞ்சுட்டீங்களா? பதினேழாம் நம்பரா… நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா! ஸ்கூட்டர்லயா?… ஏழு மணிக்கே ரெடியா நிப்பேன். ஆறுக்கே நிப்பேன். அவன்கிட்ட குடுங்க.

டேய் ஷுய்மூ, உன்னையும் ஸ்கூட்டர்லயா கூட்டிட்டுப் போனா?… பஸ்ஸா! ஹஹ்ஹஹ்ஹா…

… ஒண்ணுமில்லை, சிரிச்சதுல இருமல். இரு… டேய், ஸ்பீக்கரை அணைச்சுட்டியா? நெசமா?… கேளு. எனக்கும் பச்சைப்பயறு அளவுலயே இருக்கணும்னு வேண்டிக்கடா. அதுக்கு மேல வேணாம்.

ஆனா அவகிட்ட மட்டும் கொய்யாப்பழம்னு சொல்லிடு, எனக்கும் மீன் சூப்பு வரட்டும்… ஹலோ? ஹலோ?… வச்சுட்டான்!