அக்காவின் கையெழுத்து

கொதிக்கிற கெட்டிலுக்கு மேலே பிடித்தால் எந்த உறையும் அரை நிமிடத்தில் வாயைத் திறந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் வாயைத் திறக்க நீங்கள்தான் இரண்டு வாரமாகப் பாடுபடுகிறீர்கள். மரியாதையாகக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதங்களை அடுக்குகிறேன். எங்கள் ஊருக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் என் கை பட்டுத்தான் நகரும். என் மனைவி வாராவாரம் அவள் அக்காவுக்கு எழுதுவாள். அக்காவுக்குக் காது கேட்காது, போனெல்லாம் சரிப்படாது. ஒரு நாள் சும்மாதான் பிரித்தேன். 'இந்த மனுஷன் வாயைத் திறக்கறதே கொட்டாவி விடத்தான்' என்று எழுதியிருந்தாள். எனக்கு மனசே விட்டுப்போச்சு. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, அவள் கையெழுத்திலேயே வேறு தாளில் எழுதி அனுப்பினேன்.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. நான் பிரிக்காமல் விட்ட பழைய கடிதங்களின் புலம்பலுக்கு, 'பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு' என்று பதில் போட்டாள். அடுத்தவர் குடும்பத்தில் இப்படியா மூக்கை நுழைப்பது? 'கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று திருத்திக் கொடுத்தேன்.

போன வருடம் அக்கா படுக்கையில் விழுந்தாள். 'ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடி' என்று எழுதியிருந்தாள். போனவள் திரும்பி வருவாள் என்பது என்ன நிச்சயம்? 'லேசான சளிதான், அலையாதே' என்று மாற்றினேன். இரண்டு வாரத்தில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதினார், அடக்கமும் முடிந்துவிட்டதாம். அதைக் காட்டினால் இவள் உடைந்துபோவாள். அந்தப் பாவத்தை நான் எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும்?

அதற்கப்புறம் பதினான்கு மாதம், செவ்வாய்க்கிழமை தவறாமல் அக்கா கடிதம் வந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அவளிடம் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. இவள் படித்துவிட்டுச் சிரிப்பாள். எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

போன மாதம்தான் ஆசை கொஞ்சம் மிஞ்சிப்போச்சு. 'உன் வீட்டுக்காரர் மாதிரி தங்கமான மனுஷன் கிடைக்க நீ கொடுத்துவெச்சிருக்கணும்' என்று எழுதிவிட்டேன். இவள் இரண்டு தரம் படித்தாள்.

"இதை எங்க அக்கா எழுதலை" என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறினாள். பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒரு சின்னப் புகார் மட்டும் இருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து அவளுக்கு நாலு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை, ஐயா. வழியில் யாரோ எடுத்துவிடுகிறார்கள். சட்டப்படி அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். அந்த மாதிரி ஆட்களைச் சும்மா விடாதீர்கள்.