எல்லாம் தானாக நடக்கும்

மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது, ஐயா. டப்பாவைத் திறந்தால் போதும், நாற்பது கணினிகளில் ஒன்று மக்கர் பண்ணும். "நீங்க அந்த மிஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் மனைவி. அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

வேலை என்னவோ சின்னதுதான். மருத்துவமனைக்காக நாங்கள் நடத்தும் கிளவுட் கணினி நின்று எழுந்தால், அதன் எஸ்.எஸ்.டி., அதாவது சேமிப்பு வட்டு, வெறுமையாக வரும். அதை ஃபார்மேட் செய்து, உரிய கோப்புறையோடு இணைக்க வேண்டும். மவுண்ட் என்போம். இணைக்காவிட்டால் குழந்தைகளின் அளவீடுகள் வந்து சேராமல் கோப்புறை காலியாகக் கிடக்கும். பச்சிளங்குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் நிரல் அதற்குள் எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று திரையைப் பச்சையாக்கும்.

வட்டு இல்லாவிட்டால் நிரல் ஓடக்கூடாது, ஒரு தடை வையுங்கள் என்று மேலாளருக்கு மூன்று முறை எழுதினேன். "அதான் நீ இருக்கியேப்பா" என்றார். புதன்கிழமை காலைக் கூட்டத்தில் அதே வாயால், "இனிமே இதுக்கு ஆளே தேவையில்ல, எல்லாம் தானா நடக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

கணினி எழுந்ததும் இதையெல்லாம் தானாகச் செய்யும் அந்தப் புது நிரலை எழுதியவன் நான். இருக்கைக்கு வந்ததும் அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்தேன், மவுண்ட் வரியை. பிறகு குழந்தைகள் பிரிவின் கணினியை நிறுத்தி எழுப்பினேன். ஆள் தேவையா இல்லையா என்று அவருக்கே தெரியட்டும் என்றுதான். பத்து நிமிஷத்தில் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

கூப்பிட்டது அங்கிருந்த நர்ஸ். "அண்ணா, ஒரு குழந்த நீலம் பாரிச்சுது. நல்லவேளை, நான் பக்கத்துல இருந்தேன், இப்ப மூச்சு வந்துடுச்சு. ஆனா திரை பச்சையாவே இருந்துது. மத்த ரூம் பிள்ளைங்களுக்குச் சரியாத்தான காட்டுது?"

"மேலாளரைக் கேளும்மா. எல்லாம் தானா நடக்குதுன்னு அவர்தான் சொன்னாரு" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து அவர் கூப்பிட்டார். அதற்குள் அடுத்த அறையில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அந்த இரண்டையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவர் கேட்டதும் அரை நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தேன். என் வேலையில் அன்றைக்கும் தாமதம் இல்லை.