சூளைக் கிணற்றில் ஒரு லோடு

சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடு. பிறகு தனியாகப் போகப் பயந்துகொண்டு என்னைத் துணைக்குக் கூப்பிடாதே.

என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது இது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அன்று நடுப்பகல், மணி பன்னிரண்டு. ஆற்றுக் கரைமேல் போகிற சாலை... ஈ காக்கை இல்லை.

ஊரெங்கும் காலரா. குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். குடிநீர் நிலையத்தில் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, தெருத்தெருவாகக் கொடுப்பதுதான் அவர் வேலை. அன்று நிலையத்தில் அவருக்கு முன்னால் பதினோரு லாரி. வீட்டிலிருந்து மனைவி போன்மேல் போன். ஆறு வயது மகளுக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ட தண்ணீரையும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதே, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் ஆளில்லாமல் கிடந்த செங்கல் சூளையின் கிணற்றில் குழாயை இறக்கினார். பளிங்கு மாதிரி தண்ணீர். ஒரே ஒரு லோடுதானே.

மோட்டார் டபடபவென்று ஓடியது. நிமிர்ந்தால்... கிணற்றுச் சுவர்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்து, விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன. அரிசி கழுவின தண்ணீர் புளித்தது போல ஒரு வாடை. ஒரு லோடு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"எடுத்துக்கோ தம்பி. எங்க யாருக்கும் இனிமே வேணாம்."

வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தெருக்காரர்கள் லாரியை மறித்துக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது தெருமுனையில் சுகாதார ஆய்வாளர் லாரியை நிறுத்தி, தண்ணீரை முகர்ந்து பார்த்தார். மருந்து வாடையே இல்லையே, எங்கே பிடித்தாய் என்றார். இவர் சொன்னதும் அவருக்கு முகம் செத்துவிட்டது. அந்தச் சூளையில் ஒன்பது பேர். போன வாரமே ஒருத்தர் பாக்கியில்லாமல் காலராவில் போய்விட்டார்கள். கடைசியாக எடுத்தது கிணற்றடியில் கிடந்த ஒரு பெண்ணை...

லாரிக்காரர் மிச்சத் தண்ணீரை அங்கேயே திறந்துவிட்டார். கொட்டி என்ன பிரயோஜனம்? அந்த வாரமே அந்த இரண்டு தெருவிலும் அழக்கூட ஆளில்லை. சாவுக்கு வந்தவர்கள் நோயை நாலு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிஷம் அவர் நினைத்தது ஒன்றுதான். நல்லவேளை, நம் தெரு கடைசி. பாவி மனுஷன், அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாராம்.

லாரியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க? நீங்க குடுத்தனுப்பின தண்ணி அப்பவே வந்துடுச்சு. அந்தம்மாவே பாப்பாவை மடியில வெச்சு ஊட்டிட்டுப் போனாங்க. ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுத் தூங்குறா."