வெள்ளிக்கிழமைப் பாண்

— அதுதான் கேக்கிறன், மகளுக்கு இப்ப சுகமோ?

— சுகம் அக்கா. ஒவ்வொரு வெள்ளியும் கேக்கிறியள்.

— காய்ச்சல் எண்டெல்லோ சொன்னனீ, றஜீவன்.

— அது... ஆறு கிழமையாச்சு. இந்தாங்கோ, பாண்.

— இந்தமுறையும் தந்துவிட்டவையோ?

— ஓம். யூதக் கோயில் பொம்பிளையள் காலமை சுட்டது. சவிரியண்ணைக்கு எண்டு முதல் எடுத்து வைச்சிட்டுத்தான் மற்றச் செக்யூரிட்டிப் பெடியளுக்குக் குடுக்கினம்.

— ஆளில்லை எண்டு தெரிஞ்சுமோ...

— இம்மாகுலேற்றுக்குக் கொண்டுபோய்க் குடு எண்டு உங்கடை பேரைப் பாடமாக்கி வைச்சிருக்கினம். சொல்லேக்கை நாக்குத்தான் சுளுக்குது.

— அவர் இருந்தால் இதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பார். பின்னல் போட்ட பாணைச் சம்பலோடை தின்னுறது லண்டனிலை நாங்கள் மட்டும்தான் எண்டுவார்.

— எனக்கும் ஒருக்கா ஒரு துண்டு கொண்டுவந்து தந்தவர். அண்டைக்கு முழுக்க வாய் எரிஞ்சது.

— வெள்ளி பின்னேரம் வாசலிலை பை சரசரத்தால் இன்னும் அவரெண்டுதான் ஓடி வாறன், தம்பி. கதவைத் திறந்தால்... நீ.

— இனி பெல்லடிச்சிட்டு வாறன், அக்கா.

— உன்னைக் குறையாச் சொல்லேல்லை. இரு, தேத்தண்ணி போடுறன்.

— வேண்டாம் அக்கா. ஒண்டு சொல்லவேணும். நாளைக்கு நான் திரும்ப அந்த வாசலிலை நிக்கப் போறன்.

— பயமில்லையோ?

— பயம்தான். ஆனால் அண்ணை நிண்ட இடத்திலை தெரியாத ஒருத்தன் நிக்கிறதை எனக்குப் பாக்க ஏலாது.

— வடிவாக் கவனிச்சு நில்.

— அவர் கவனிச்சவர்தானே. சனிக்கிழமை அவையின்ரை ஓய்வு நாள். வழமையா வாற சனம் பையும் கொண்டு வராது, போனும் கொண்டு வராது. அண்டைக்கு ஒருத்தன் தோளிலை பையோடை வரேக்கையே அண்ணைக்கு விளங்கிட்டுது.

— கதவைப் பூட்டுங்கோ எண்டு உள்ளுக்குச் சத்தம் போட்டவராம்.

— ஓம். தான் வெளியிலை நிண்டுகொண்டு. யூதரெல்லாரும் சாகவேணும் எண்டு கத்திக்கொண்டு அவன் குத்தினவன், அக்கா. அண்ணை கதவை விட்டு ஓரடி அரக்கேல்லை. பொலிஸ் வாறவரைக்கும். உள்ளுக்கு எண்பது பேர். சின்னப் பிள்ளையள் வேறை.

— தானும் உள்ளுக்கு ஓடியிருக்கலாம்தானே, அந்த மனிசன்...

— நானும் அதைத்தான் நெடுக...

— ஓடமாட்டார். ஷெல்லடிக்கேக்கை எங்கடை சனமும் கோயிலுக்குள்ளைதானே போய் இருந்தது எண்டுவார். எங்களுக்கு வாசலிலை ஆர் நிண்டது எண்டு கேப்பார்.

— அக்கா... அண்டைக்கு அது என்ரை ஷிப்ட்.

— தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் போனால் நீ நிப்பாய். உனக்கொரு அலுவல் எண்டால் அவர் நிப்பார். ஒப்பிசுக்கும் சொல்லாமல் உங்களுக்குள்ளை மாத்துவியள்.

— அதாலைதான் ஒப்பிசிலை இருந்து என்ரை மனிசிக்குப் போன் பண்ணி, உங்கடை புருசனைக் குத்திப்போட்டாங்கள் எண்டவை. நான் அவளுக்குப் பக்கத்திலை நிக்கிறன்.

— மகளுக்கு மருந்து குடுத்துக்கொண்டோ?

— இல்லை அக்கா...

— பின்னை?

— காய்ச்சல் எண்டது பொய். பார்க்கிங் எண்ட இடத்து மண்டபம் ஒண்டிலை சாமத்தியவீடு. மனிசியின்ரை சொந்தத்திலை ஒரு பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டம். ஒரு விசேசத்துக்கும் வாறேல்லை, ஒருத்தற்றை அல்பத்திலையும் நீங்கள் இல்லை எண்டு அவள் ஒரே அழுகை. சாமத்தியவீடு எண்டு சொன்னால் அண்ணை, முறையா லீவு கேளடா எண்டுவார். அதுதான்...

— ம்.

— கையிலை சாப்பாட்டுக் கோப்பையோடை நிண்டனான், அக்கா. எனக்கு விழவேண்டிய குத்து. ஏசுங்கோ. இனி இஞ்சை வராதை எண்டாலும் வரேல்லை. ஆனால் பொய்யை வைச்சுக்கொண்டு இந்தப் பாணை உங்கடை கையிலை தர எனக்கு ஏலாமல் கிடக்கு.

— அந்தக் கத்தரிப்பூ நிறக் கோட் உனக்கு நல்லாத்தான் இருந்தது, தம்பி.

— எந்த... அக்கா, உங்களுக்கு எப்பிடி...?

— ரெண்டு மேசை தள்ளி நான் இருந்தனான். எங்களுக்கும் சொல்லியிருந்தது. அவர் உனக்காக வேலைக்குப் போனபடியாலை, பக்கத்துக் கதிரையிலை என்ரை கைப்பையை வைச்சிட்டுத் தனிய இருந்தன். உன்னைக் கண்ட உடனை அவருக்குப் போன் எடுத்து, உங்கடை காய்ச்சல்காரன் இஞ்சை நிண்டு றோல்ஸ் தின்னுறான் எண்டனான். எவ்வளவு சிரிச்சவர் தெரியுமே... "விடும் இம்மா, ஆசைப்பட்டுப் போயிருக்கிறான், கண்டமாதிரிக் காட்டிக்கொள்ளாதையும்" எண்டவர். அதுதான் அவர் என்னோடை கடைசியாக் கதைச்சது. அந்தச் சிரிப்பை ஒருத்தரிட்டையும் சொல்ல ஏலாமல், அவர் கேட்டபடிதான், ஒவ்வொரு வெள்ளியும் உன்ரை மகளின்ரை காய்ச்சலை விசாரிச்சுக்கொண்டிருந்தனான்.