மூன்றாம் பாகம் தேவையில்லை

முதலில் தேநீருக்கு நன்றி, தலைவர் ஐயா. சீனி ஒரு கரண்டி கூடிவிட்டது, பரவாயில்லை. கோயில் தேநீரைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. ராஜலிங்கம் யாரையும் நோகப் பேசமாட்டான் என்று கெலிஓயாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பேன். வீடியோக் கடைக்காரன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பரிபாலன சபையார் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பூசாரி காளிமுத்துவை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம். என் தங்கை ஞானேஸ்வரிக்குக் கல்யாணம் கூடுமா என்று அம்மன் முன் பூக்கட்டிப் பார்த்தோமே, அதில் அவள் எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் மகாவலி ஆற்றில் விட்டிருக்க வேண்டும். காளிமுத்து சோம்பேறித்தனமாக கோயில் அலுமாரிக்குள் போட்டுவிட்டார். அது அவர் தப்பு. ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் வெள்ளைப்பூ இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப்பூ இருந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் சொல்லி முடித்ததும் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். என் பக்கத்து நியாயத்தையும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

விஷயம் விளங்க வேண்டுமானால் போயா நாளிலிருந்து தொடங்க வேண்டும். பௌர்ணமிப் போயா அன்று ஊரில் கடைகள் பூட்டு. நானும் பூட்டுவேன், ஆனால் பாதிக் கதவுதான். குனிந்து உள்ளே வருகிறவர்கள் டேப் எடுக்க வருவதில்லை, வாதாட வருகிறார்கள். உலகத்தில் மூன்று பாகமாக வந்த படங்களில் எது முதலாவது என்பதுதான் வாதம். வருடக்கணக்காக நடக்கிறது, கைகலப்பு இல்லாமல். ஒரு படத்தை நன்றாக எடுப்பது பெரிய காரியமில்லை. இரண்டாவது, முதல் படத்தின் பெயரைச் சொல்லிப் பிழைத்துக்கொள்ளும். மூன்றாவதையும் சறுக்காமல் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

என் கட்சி ‘மூன்று விரல் வீரன்’. ஹொங்கொங் படம். பாஷை தெரியாவிட்டாலும் நியாயம் புரியும். முதல் பாகத்தில் குருவைக் காப்பாற்றப் போய் இரண்டு விரலை இழக்கிறான். இரண்டாம் பாகத்தில் மிச்ச விரல்களால் சண்டை பழகுகிறான். மூன்றாம் பாகத்தில் குருவோடு அதே வீட்டில் இருந்துகொண்டு சமைத்துப் போடுகிறான், வம்புக்கு வருகிறவர்களை அடித்து அனுப்புகிறான். காதல் இல்லை, கல்யாணம் இல்லை, ஒருவரும் வீட்டை விட்டுப் போவதில்லை. அதனால் கதை சிதறவில்லை. ஊரில் இதை ஒத்துக்கொண்ட இன்னொரு ரசிகர் காளிமுத்து மட்டும்தான். அவருக்காக நான் பேசுவதற்கு அது காரணமில்லை.

மற்றக் கட்சி ‘ஏழாம் வளைவு’. மதராஸ் படம். தாய் தகப்பன் இல்லாத ஒரு லொறிக்காரன் தன் தங்கையை லொறியிலேயே வைத்து வளர்க்கிறான். லொறிக்கு பிரேக் சரியில்லை. மலையேறும்போது ஏழாம் வளைவில் நிறுத்தினால், தங்கை குதித்து இறங்கிப் பின்சில்லு உருளாதபடி கல் வைப்பாள். இரண்டாம் பாகத்தில் லொறி கடனுக்குப் போய்விடும், அண்ணனும் தங்கையும் பாடுபட்டு அதை மீட்பார்கள். இரண்டு பாகமும் தங்கம், நானே சொல்கிறேன். மூன்றாம் பாகத்தில் தங்கையைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. லொறி திரும்பிவிட்டது, அண்ணனும் தங்கையும் நலம். இதற்கு மேல் ஒரு ரசிகனுக்கு என்ன வேண்டும்?

பக்கத்துத் தையல்கடை பஸீஹா, என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்கிறவர், அந்த மூன்றாம் பாகத்தைக் கேட்டு என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

“நானா, அந்த மூணாம் டேப்ப எப்ப தருவீங்க? அந்தப் புள்ளட கலியாணம் நடந்திச்சா இல்லையாண்டு தெரியாம எனக்கு நித்திரை வருதில்ல.”

டேப் பழுது என்று சொல்லியிருந்தேன். பழுது இல்லை. மாலை மாற்றுகிற இடத்திலிருந்து கடைசிவரை, அதன் மேல் நம் நாடு ஜெயித்த உலகக் கிண்ண கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிந்துவிட்டேன். வெற்று டேப் கடையில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. இருந்தாலும் கைக்கு அகப்பட்டது அதுதான். எல்லோரும் சந்தோஷப்பட்ட ஆட்டம், அதை யாரும் வீண் என்று சொல்ல முடியாது.

ஞானேஸ்வரியும் அந்த முடிவைப் பார்த்ததில்லை. அப்பா அம்மா போனபிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு அவளும் நானும் இங்கே வந்து, கடைக்கு மேல் அறையில் குடியிருந்தோம். அவள் கண்டியில் ஒரு பாமசியில் வேலை பார்க்கிறாள். சாயந்திரம் வந்து, திரும்பி வந்த டேப்புகளை எல்லாம் தொடக்கத்துக்குச் சுற்றி வைப்பாள். பிறகு இருவரும் சோற்றுத் தட்டோடு ஒரு படம் பார்ப்போம். எது முதல் என்று கேட்டால் “நீங்க சொன்னா சரிதாண்ணே” என்பாள். இயற்கையாகவே நல்ல ரசனை.

அழகர் வத்தேகமப் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிளாக்கர். தாயாருக்கு மருந்து வாங்க அந்தப் பாமசிக்குப் போன இடத்தில் இவளைப் பார்த்திருக்கிறார். முறையாகத் தாயாரோடு வந்து பெண் கேட்டார். குடி இல்லை, வாய் இல்லை, ஜாதகமும் பொருந்தியது. ஞானேஸ்வரிக்குப் பிடித்திருக்கிறது என்பது அவள் தேநீர் கொண்டுவந்த நடையிலேயே தெரிந்தது. முப்பது தாண்டியவள், எவ்வளவு காலம் இப்படியே இருப்பாள்? நான் ஒரு தடையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு போயாவுக்கு வந்து போங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆளை அறிய அதைவிட நல்ல வழி கிடையாது.

வந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்தார். “என்ன மச்சான், உங்க கட்சி எது?” என்று கேட்டார். ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் மச்சான். அதையும் பொறுத்துக்கொண்டேன். மூன்று விரலைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, தனக்கு ‘ஏழாம் வளைவு’தான் என்றார். அதுவும் மூன்றாம் பாகத்துக்காகத்தான் என்றார். முடிவைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தேன். பஸீஹா விடவில்லை.

“தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டு அண்ணன் தனியா லொறிய எடுத்துக்கிட்டு வர்றாருங்க” என்றார் அழகர். “ஏழாம் வளைவுல நிப்பாட்டுறாரு. கை பாட்டுக்கு இடது பக்கக் கதவத் தொறந்து விடுது. யாரும் எறங்கல. கொஞ்ச நேரம் அந்த சீட்டப் பாக்குறாரு. பொறகு தானே எறங்கிப் போயி, கல்லத் தூக்கி சில்லுக்கு வைக்கிறாரு. அவ்ளோதாங்க படம்.”

பஸீஹா முக்காட்டால் மூக்கைத் துடைத்தார். காளிமுத்து கூரையைப் பார்த்தார். நான் ஒரு பொதுவான குறையைத்தான் சுட்டிக்காட்டினேன். மலைப்பாதை வளைவில் லொறியை நிறுத்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் என்ன செய்வான், இது பொறுப்பில்லாத முடிவு என்றேன். அப்போது படிக்கட்டில் தேநீர்த் தட்டோடு நின்ற ஞானேஸ்வரி சொன்னாள்: “அண்ணே, அதுதான் பெரிய படம்.”

கண் கலங்கியிருந்தது. அழகர் அவளைப் பார்த்தார். இத்தனை வருடம் வளர்த்த ரசனை ஒரு பிற்பகலில் கெட்டுப்போனதை நான் கண்ணால் கண்டேன். நீங்களே சொல்லுங்கள் ஐயா. முடிவை இப்படிப் போட்டு உடைக்கிறவர், அழவைக்கிற படத்தைப் பெரிய படம் என்கிறவர், நாளைக்கு ஒரு பெண்ணை எப்படி வைத்துப் பார்ப்பார்? தங்கையின் நன்மையை நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். அழகரின் தாயாரும் சம்மதித்தார். வெள்ளை வந்தால் கூடும், சிவப்பு வந்தால் கூடாது. நம் கோயிலில் பெண் வீட்டு ஆண்பிள்ளைதான் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது, பெண் தன் கையால் எடுப்பது. இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. காலையில் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து வைத்தேன், அதற்குச் சாமி சாட்சி. கட்டும்போது யோசித்தேன். அம்மனுக்கு இந்தப் படங்களைப் பார்க்க வசதி இல்லை. விஷயம் தெரியாத இடத்தில் முடிவை விடுவது சரியா? நந்தியாவட்டையை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு இன்னொரு செவ்வரளி பறித்தேன். இரண்டு இலைத்துண்டு, இரண்டு முடிச்சு வாழைநார். அழகாகவே கட்டியிருந்தேன்.

அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் எடுத்தாள். நீட்டிய கையை மாற்றி மற்றதைத் தொட்டாள், பிறகு முதலில் தொட்டதையே எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. எதை எடுத்தால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிரித்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு இலையை மடித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சம்பல் அரைத்தாள். உப்பு சரியாகவே இருந்தது. ஆகவே அவள் பெரிதாக வருத்தப்படவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நல்ல காலம். தினமும் படம், சோறு, டேப் சுற்றுவது, எல்லாம் பழையபடி. அவள் மட்டும் படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். அழகருக்கும் என் மேல் கோபமில்லை. ஒவ்வொரு போயாவுக்கும் இரண்டு பஸ் மாறி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். இவள் கீழே இறங்கமாட்டாள். அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வாதாடுவார், வாதம் எப்படி நிற்கும்? போன போயாவுக்கு, “சரி மச்சான், உங்க படமே முதல்ல இருக்கட்டும்” என்றுவிட்டார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முழு வெற்றி அது. மேலே ஓடிப்போய் ஞானேஸ்வரியிடம் சொன்னேன். “சந்தோஷம்ணே” என்றாள். வென்றது ஏனோ அவ்வளவு ருசிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்புறம்தான் நீங்கள் அலுமாரியைத் துப்புரவு செய்து, அந்தப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். காய்ந்தாலும் செவ்வரளி செவ்வரளிதான். காளிமுத்து யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு செய்தார் என்று ஊர் பேசியது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து உங்களிடம் வைத்தார் என்று கேள்விப்பட்டேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்தது நான்தான். அம்மன் பேரால் என் தங்கைக்குப் பொய் சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். வேண்டாம் என்று ஞானேஸ்வரி சொல்லச் சொன்னாள். இங்கே வருவதற்கு முன் இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டேப்பில் பதிந்த ஆட்டம் உட்பட. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் பூசாரியைப் பற்றித்தான் கேட்டாள், சாப்பிட்டாரா என்று. பிறகு பாமசிக்குப் போகிற உடுப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏண்ணே, ‘போகாத’ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றாள். “நீங்க தனியா இருப்பீங்கன்னு அவருகிட்ட முன்னுக்கே சொல்லிட்டேன். கல்யாணத்துக்குப் பொறகு நானே கெலிஓயாவுக்கு வந்துர்றேன், மூணு பேருமா மேல இருப்போம்னு சொன்னாரு. பூ வெள்ளையா வந்ததும் ஒங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தோம்.”

இப்போது அப்படி வருவீர்களா என்று கேட்டேன். விளக்கத்துக்காகக் கேட்டேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்றாள். குண்டசாலையில் வீடு பார்க்கலாம் என்று இன்றே அழகரிடம் சொல்லப் போகிறாளாம். ஆவணியில் கல்யாணம். நான்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான், ஐயா. நீங்கள் எல்லோரும் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ‘போகாதே’ என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் போவதில் எனக்கு என்ன வருத்தம்? எங்களுக்குள் இருந்தது அந்த மூன்றாம் பாகத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு மட்டும்தான்.